அத்தியாயம் 4: மாதிரியைக் காட்டி வாங்குங்கள்

தையல் பழகத் தொடங்கிய முதல் மாதத்தில் நான் வாங்கிய பத்து ஊசிகள் இன்னும் என் டப்பாவில் புதிதாகவே கிடக்கின்றன. கடையில் ‘பதினாலாம் நம்பர் ஊசி’ என்று கேட்டேன். பதினாலாம் நம்பர்தான் கொடுத்தார்கள். ஆனால் அவை கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஓடும் பவர் மெஷின் ஊசிகள். தண்டு முழு உருண்டை. என் வீட்டு மெஷின் ஒருபக்கம் தட்டையான தண்டைத்தான் பிடிக்கும். கடைக்காரர் மேல் தவறில்லை. நான் பெயரைச் சொன்னேன், பொருளைக் காட்டவில்லை.

இந்த அத்தியாயத்தின் பாடம் அதுதான். தையல் சாமான்களில் ஒரே பெயருக்குப் பல பொருள்கள் உண்டு. ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை வேறு பெயரும் உண்டு. மாதிரி மட்டும் மாறாது. டெய்லரிடம் போகும்போது நம் அம்மாக்கள் அளவைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அளவு ஜாக்கெட்டைத்தான் கொடுத்தார்கள். அதே வழக்கத்தை ஊசி முதல் பேட்டர்ன் வரை எல்லாவற்றுக்கும் கொண்டுவாருங்கள். பணமும் மிஞ்சும், அலைச்சலும் குறையும்.

நம் பகுதியின் வசதி

சென்னையின் மேற்குப் புறநகர் தையலுக்குப் புதிய இடமில்லை. ராணுவத்துக்கு உடை தைக்கும் ஓ.சி.எஃப். தொழிற்சாலை ஆவடியில் 1961 முதல் இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் உண்டு. ‘பவர் மெஷின் டெய்லர் தேவை’ என்ற அறிவிப்பு நம் கண்ணுக்குப் பழகிய ஒன்று.

இதனால் நமக்கு ஒரு நன்மை, ஒரு சிக்கல். தையல் தெரிந்தவர் இங்கே அக்கம்பக்கத்திலேயே கிடைப்பார். கேட்டால் சொல்லித் தருவார். சிக்கல் என்னவென்றால், நம் கடைகளில் வீட்டு மெஷின் சாமானும் பவர் மெஷின் சாமானும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எது நமக்கானது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புறப்படும் முன்: மாதிரிப் பை

ஜிப் வைத்த சின்னப் பை ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். அதில் எப்போதும் இருக்க வேண்டியவை:

- உங்கள் மெஷினில் ஓடிய பழைய ஊசி ஒன்று. முனை பாதுகாப்பாக இருக்க, டேப்பால் ஓர் அட்டையில் ஒட்டிவையுங்கள்.
- பாபின் ஒன்று; பாபின் கேஸ் தனியாக உள்ள மெஷின் என்றால் அதுவும்.
- மெஷினின் பெயர், மாடல் எண் எழுதிய சீட்டு. மெஷினையும், ஃபுட் மாட்டிய இடத்தையும் எடுத்த போட்டோக்கள் செல்பேசியில்.
- இப்போது தைக்கும் துணியில் இரண்டு அங்குலத் துண்டு. துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் வேறுபாடு இருந்தால் முன்பக்கத்தில் ஒரு குறி.
- இஞ்ச் டேப்.
- இந்த வேலைக்குத் தேவையானவை மட்டும் எழுதிய பட்டியல்.

கடைசி வரியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ‘என்றைக்காவது உதவும்’ என்று வாங்கிய லேஸும் பட்டனும்தான் வீட்டில் டப்பா டப்பாவாகச் சேரும். ஒரு நேரத்தில் ஒரு வேலை. அந்த வேலைக்கு ஒரு பட்டியல்.

எதை எங்கே வாங்குவது

கடைகளை மூன்று வட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வட்டம், நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஃபேன்சி ஸ்டோர். நூல், கொக்கி, பிரஸ் பட்டன், எலாஸ்டிக், சேலை ஃபால்ஸ் ஆகியவற்றுக்கு இது போதும். ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க அரை நாள் போகாதீர்கள்.

இரண்டாம் வட்டம், ஊரின் பெரிய கடைத்தெரு. அம்பத்தூர்க்காரர்களுக்கு ஓ.டி.யும் சி.டி.எச். சாலையும், ஆவடிக்கு மார்க்கெட்டும் புது மிலிட்டரி சாலையும், பூந்தமல்லிக்கு டிரங்க் சாலை. ‘டெய்லரிங் மெட்டீரியல்ஸ்’ என்று பலகை வைத்த கடையையும் ‘மேட்சிங் சென்டர்’ என்று பலகை வைத்த கடையையும் தேடுங்கள். முன்னதில் ஊசி, பாபின், கேன்வாஸ், ஜிப், கருவிகள். பின்னதில் லைனிங், பிளவுஸ் பிட், ஃபால்ஸ். மெஷின் ரிப்பேர் செய்பவரின் கடையும் இந்த வட்டத்தில்தான் வரும். உதிரிப் பாகத்தை அவரிடமே வாங்குங்கள். மாட்டிப் பார்த்துக் கொடுப்பார். அந்த உத்தரவாதத்துக்குச் சில ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

மூன்றாம் வட்டம் பாரிமுனையும் சவுகார்ப்பேட்டையும். அதைப் பின்னால் பார்ப்போம்.

எப்போது போவது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்கள், ஜூன் மாதப் பள்ளிச் சீருடைக் காலம் ஆகியவற்றைத் தவிருங்கள். அப்போது கடைக்காரருக்கு நம்மோடு பேச நேரமிருக்காது. வார நாள் காலை, கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு போனால் நிதானமாகப் பார்க்கலாம். துணியை மொத்தமாக எடுப்பதற்கு ஆடித் தள்ளுபடி நல்ல சமயம்.

ஊசியும் பாபினும்

வீட்டு மெஷின் ஊசியின் உறையில் ‘எச்ஏ × 1’, ‘15 × 1’, ‘130/705’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். மூன்றும் ஒரே வகைதான். ‘டிபி × 1’ என்றிருந்தால் அது பவர் மெஷின் ஊசி, வாங்காதீர்கள். உறையைப் படிக்க முடியாவிட்டால் ஊசியை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டுங்கள். தட்டையான பக்கம் இருந்தால் உருளாமல் நிற்கும்.

அடுத்தது எண். உறையில் 75/11, 90/14 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஊசியின் தடிமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 90 என்றால் 0.9 மி.மீ.

- பட்டு, ஷிஃபான், மெல்லிய ஜார்ஜெட்: 65/9 அல்லது 75/11
- பாப்ளின், ரூபியா, சாதாரணப் பருத்தி: 90/14
- ஜீன்ஸ், கேன்வாஸ் பை: 100/16 அல்லது 110/18
- டி-ஷர்ட் துணி, லெக்கிங்ஸ் துணி: பால் பாயிண்ட் ஊசி. இதன் முனை மழுங்கலாக இருப்பதால் பின்னலின் இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும். பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழுகிறதென்றால் மெஷினைக் குறை சொல்லும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

உதிரியாக விற்கும் ஊசியைவிட உறையோடு வரும் ஊசியை எடுங்கள். ஜெர்மனியின் குரோஸ்-பெக்கர்ட், ஷ்மெட்ஸ், ஜப்பானின் ஆர்கன் ஆகியவற்றை நம்பலாம். சுமார் எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுவது நல்லது. மழுங்கிய ஊசி பட்டில் இழுத்துவிடும் ஒரு கோட்டை எந்த இஸ்திரியாலும் மறைக்க முடியாது.

பாபினுக்கும் இதே கதைதான். வீட்டு மெஷின்களில் பரவலாக உள்ள பாபின் சுமார் 20 மி.மீ. அகலமும் 11.5 மி.மீ. உயரமும் கொண்டது. பவர் மெஷின் பாபின் கிட்டத்தட்ட அதே அகலம்தான், ஆனால் உயரம் 9 மி.மீ. அளவில் நின்றுவிடும். தனித்தனியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உங்கள் பாபினைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும். பிளாஸ்டிக் பாபின் ஓடும் மெஷினில் இரும்புப் பாபினைப் போடாதீர்கள். எடை மாறினால் அடிநூலின் இறுக்கமும் மாறும்.

நூல்: கலரும் பலமும்

துணிக்கு நூல் மேட்ச் செய்வதில் எல்லோரும் செய்யும் தவறு, உருளையைத் துணிமேல் வைத்துப் பார்ப்பது. உருளையில் ஆயிரம் சுற்று சேர்ந்து கலர் அழுத்தமாகத் தெரியும். தைத்தபின் தெரிவது ஒற்றை இழை. ஆகவே ஓர் இழையை இழுத்துத் துணித் துண்டின் மேல் போட்டு, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள்ளே இருக்கும் டியூப்லைட்டில் மெரூனும் காப்பிப்பொடி நிறமும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு நிறங்களுக்கு இடையில் தயங்கினால் ஒரு படி அழுத்தமானதை எடுங்கள்.

நூலின் தடிமனை டிக்கெட் எண் சொல்லும். எண் கூடக்கூட நூல் மெல்லியது. 120 டிக்கெட் ஸ்பன் பாலியஸ்டர் நூல் ஒன்று இருந்தால் பிளவுஸ், சுடிதார், சட்டை எல்லாம் தைக்கலாம். பை, ஜீன்ஸ் போன்ற கனமான வேலைக்கு 80 அல்லது அதற்கும் கீழே. நூல் ஒன்றை மாற்றினால் ஊசியையும் யோசிக்க வேண்டும்: தடித்த நூல் மெல்லிய ஊசியின் காதில் உரசி அறுந்துவிடும்.

நூலின் தரத்தை அங்கேயே சோதிக்கலாம். ஒரு முழம் இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பிசிறும் முடிச்சும் தெரிந்தால் அந்தப் பிசிறு நாளை உங்கள் பாபின் கேஸில் பஞ்சாகச் சேரும். இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் நல்ல நூல் எளிதில் அறாது. கோட்ஸ், வர்த்மான் போன்ற தெரிந்த தயாரிப்புகளில் தொடங்குவது நல்லது. கோட்ஸுக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. மதுரையில் ‘ஹார்வி மில்’ என்று மக்கள் சொன்ன மில்தான் 1974-ல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது.

வெள்ளை, கறுப்பு, சாம்பல் மூன்றையும் பெரிய கோனாக வாங்கலாம். மற்ற நிறங்களைச் சின்ன உருளையாக, தேவைக்கு மட்டும். கோன் வீட்டு மெஷினின் கம்பியில் நிற்காது. கோன் ஸ்டாண்ட் ஒன்று வேண்டும்.

வெட்டவும் அளக்கவும்

துணிக்கு ஒரு கத்தரிக்கோல், பேப்பருக்கு ஒன்று. இதில் சமரசமே வேண்டாம். துணிக் கத்தரியின் பிடியில் ஒரு நாடாவைக் கட்டிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தொடக்கூடாத கத்தரி என்று புரியும். உத்தரப் பிரதேசத்தின் மீரட் கத்தரிக்கோல்கள் பெயர்பெற்றவை. 2013-ல் புவிசார் குறியீடும் பெற்றன. தேய்ந்தால் சாணை பிடித்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். எட்டு அல்லது ஒன்பது அங்குலம் பழகுவோருக்குப் பொருத்தம். கடையிலேயே பிடித்துப் பாருங்கள். மாதிரிப் பையிலுள்ள துண்டை இரண்டாக மடித்து நுனியால் மட்டும் வெட்டுங்கள். நுனிவரை சுத்தமாக வெட்டினால் வாங்கலாம். துணி நடுவில் மடங்கிச் சிக்கினால் வேண்டாம்.

இஞ்ச் டேப் வாங்கும்போது ஃபைபர் கலந்ததை எடுங்கள். வெறும் பிளாஸ்டிக் நாளடைவில் நீண்டுவிடும். ஒரு சோதனை: 50 சென்டிமீட்டர் கோட்டுக்குப் பின்னால் 19¾ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். பழைய டேப்பையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். பிளவுஸில் கால் அங்குலம் என்பது பெரிய தொகை.

சின்னக் கருவிகள்: எது வேண்டும், எது காத்திருக்கலாம்

உடனே வாங்க வேண்டியவை: தையல் பிரிக்கும் ரிப்பர், நூல் வெட்டி, குண்டு தலை ஊசிகள், மார்க்கிங் சாக், கை ஊசி ஒரு பாக்கெட். இவற்றுக்கு அதிகம் செலவாகாது.

இரண்டாம் மாதம் யோசிக்கலாம்: டிரேசிங் வீல், வளைவு ஸ்கேல், துணி கிளிப்கள். பட்டிலும் ரெக்சினிலும் குண்டூசி குத்திய ஓட்டை மறையாது. அங்கே கிளிப் உதவும்.

மார்க்கிங் பேனாக்களில் கவனம் தேவை. தண்ணீரில் அழியும் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரி வைத்தால் அது நிரந்தரமாகிவிடலாம். முதலில் அலசுங்கள், பிறகு தேயுங்கள். சூட்டில் மறையும் பேனாவின் கோடு குளிரில் திரும்பி வரக்கூடும். எதுவாக இருந்தாலும் வெட்டிய துண்டில் சோதித்த பிறகே பட்டின் பக்கம் போங்கள்.

சுழல் கத்தியை ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் கொண்டுவந்தது. துணித்துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பவர்களுக்கு அது வரம். ஆனால் தனியாக வாங்கிப் பயனில்லை. அடியில் விரிக்கும் மேட்டும் தடித்த ஸ்கேலும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். வளைவுகள் நிறைந்த பிளவுஸுக்குக் கத்தரியே போதும்.

ஃபுட் வாங்கும் முன் உங்கள் மெஷினின் காலை அளந்துகொள்ளுங்கள். ஃபுட்டைக் கீழே இறக்கிவைத்து, அதைப் பிடித்திருக்கும் திருகின் நடுவிலிருந்து தகடு வரை அளக்கும்போது முக்கால் அங்குலத்துக்குள் வந்தால் குட்டைக் கால். ஒரு அங்குலத்தைத் தாண்டினால் நெட்டைக் கால். முப்பது நாற்பது ஃபுட் கொண்ட பெட்டியை ஆசையாக வாங்கியவர்கள் பயன்படுத்துவது நாலைந்துதான். ஜிப் ஃபுட், மறைஜிப் ஃபுட், ஓரம் சுருட்டும் ஃபுட் ஆகிய மூன்றை வாங்கிப் பழகுங்கள்.

ஸ்டேப்ளர் போன்ற கைமெஷினை மட்டும் வாங்காதீர்கள். அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். ஒரு முனையை இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

துணி, லைனிங், ஜிப்

துணி விலையைக் கேட்கும் முன் அகலத்தைக் கேளுங்கள். 36, 44, 58 அங்குலம் என்று அகலம் மாறும்போது தேவைப்படும் மீட்டரும் மாறும். மலிவாகத் தெரியும் 36 அங்குலத் துணி, கணக்குப் போட்டால் 58-ஐவிடக் கூடுதலாக விழலாம்.

பிளவுஸின் மேல்துணியும் லைனிங்கும் ஒரே அளவு சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே உள்ளே இழுத்துச் சுருக்கம் விழும். பருத்தி லைனிங்கை இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தித் தேய்த்த பிறகே வெட்டுங்கள். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று எடைக்கணக்கில் விற்கும் துணி பழகுவோருக்கு நல்ல வாய்ப்பு. விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை, கறை, நெசவுப் பிழை பாருங்கள். அளவு தெரியாமல் எடை போடச் சொல்லாதீர்கள். டேப்பை எடுத்து அளந்தபின் சொல்லுங்கள்.

ஜிப்பில் 3, 5 என்ற எண்கள் பல்வரிசை மூடியிருக்கும்போது உள்ள அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்பவை. உடைக்கு 3, பைக்கு 5. வாங்கும் முன் பத்துமுறை திறந்து மூடுங்கள். ஒட்டும் கேன்வாஸைக் கடையில் மடித்துக் கொடுத்தால் சுருட்டித் தரச் சொல்லுங்கள். மடிப்புக் கோடு காலரில் தெரியும்.

பேட்டர்ன்

உடலளவுக்கேற்பப் பல சைஸ்களில் காகிதப் பேட்டர்னை 1863-ல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் விற்கத் தொடங்கினார். இன்று அதுபோன்றவை பிடிஎஃப் கோப்பாகவே கிடைக்கின்றன. வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது சைஸ். நீங்கள் கடையில் எடுக்கும் சுடிதார் சைஸை மறந்துவிட்டு, பேட்டர்னில் உள்ள அட்டவணையில் மார்பு, இடுப்பு அளவைப் பாருங்கள். இரண்டாவது, தையலுக்கு விட்டிருக்கும் அளவு. அமெரிக்கப் பேட்டர்ன்களில் பெரும்பாலும் ஐந்தெட்டாம் அங்குலம், அதாவது 1.5 செ.மீ. நம் பிளவுஸில் பின்னால் பிரித்துவிட வசதியாகப் பக்கவாட்டில் ஒன்றரை, இரண்டு அங்குலம்கூட விடுவோம். பேட்டர்னை அப்படியே வெட்டிவிட்டால் பிறகு பிரிக்கத் துணி இருக்காது. மூன்றாவது அச்சு. நூறு சதவீத அளவில் அச்சிடச் சொல்லுங்கள். முதல் பக்கத்திலுள்ள சோதனைச் சதுரத்தை டேப்பால் அளந்து சரியாக இருந்த பிறகே மற்ற பக்கங்கள். முப்பது ஏ4 தாளை ஒட்ட அலுப்பாக இருந்தால், வீட்டு வரைபடம் அச்சிடும் கடையில் பெரிய தாளாக எடுக்கலாம்.

ஆனால் பிளவுஸுக்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு பேட்டர்ன் இருக்கிறது. கச்சிதமாகப் பொருந்தி, துணி நைந்துபோன பழைய ஜாக்கெட் ஒன்றை எடுங்கள். அதன் ஒரு பாதியை மட்டும் ரிப்பரால் பிரியுங்கள்; மறுபாதி தையலோடு இருக்கட்டும், எது எதோடு சேரும் என்று அது சொல்லும். பிரித்த துண்டுகளை இழுக்காமல் தேய்த்து, பிரவுன் ஷீட்டில் வைத்து வரையுங்கள். டார்ட், நெட்டுவாக்கு, கிராஸ் வாக்கு எல்லாவற்றையும் குறியுங்கள். கிராஸாக வெட்டிய துண்டு அணிந்து அணிந்து நீண்டிருக்கும். உடலளவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பிறகு மலிவான காடா துணியில் ஒருமுறை தைத்துப் போட்டுப் பாருங்கள். தேதியும் பெயரும் எழுதி அந்தப் பிரவுன் ஷீட்டைச் சுருட்டி வையுங்கள்.

பாரிமுனைப் பயணம்

லேஸ், மணி, ஆரி வேலைச் சாமான், மொத்த விலைத் துணி வேண்டுமென்றால் அங்கே போகலாம். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் வரை. பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியே பேருந்தில் சென்ட்ரல். துணிக்குக் கோடவுன் தெரு, அலங்காரச் சாமான்களுக்குச் சவுகார்ப்பேட்டைத் தெருக்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “அண்ணா, சில்லறையா கொடுப்பீங்களா?” சிலர் முழு ரோல், முழு பாக்கெட் மட்டுமே தருவார்கள். நாலு தோழிகள் சேர்ந்து போனால் பிரித்துக்கொள்ளலாம்.

லேஸின் நீளத்தை வீட்டிலேயே அளந்து, அரை மீட்டர் கூட்டி எழுதிக்கொண்டு போங்கள். குறைந்தால் அதே லேஸுக்காக மறுபடி ரயிலேற வேண்டும். அதே நிறம் அப்போது கிடைக்குமா என்பதும் உறுதியில்லை. வாங்கியதில் ஒரு சாண் துண்டு வெட்டி, கடை இருக்கும் தெரு, விலை, தேதியோடு நோட்டில் ஒட்டுங்கள்.

அந்த நோட்டும் மாதிரிப் பையும் ஆறு மாதத்தில் எந்த வழிகாட்டி நூலையும்விட உங்களுக்கு உதவும். அடுத்தமுறை கடைக்காரர் “என்ன மெஷின்மா?” என்று கேட்கும்போது விளக்க வேண்டியதில்லை. பையைத் திறந்து, ஊசி ஒட்டிய அட்டையை எடுத்து நீட்டுங்கள்.